கடற்பாசிச் சங்கிலியைக் கதிர்வீச்சால் வெட்டினால் நெல் எவ்வளவு கூடும்?

பத்து வருடத்துக்கு முன்பு பிலிப்பைன்ஸ் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஒரு செய்தியைப் பெரிதாகக் கொண்டு போனது. சிவப்புக் கடற்பாசியில் இருந்து எடுக்கும் கராஜீனனைக் கதிர்வீச்சால் சிதைத்து, தண்ணீரில் கலந்து நெல்லுக்குத் தெளித்தால் மகசூல் 60 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, தண்டு உறுதியாகிக் காற்றுக்குச் சாயாமல் நிற்கிறது என்பது செய்தி. புலாக்கான் மாகாணத்தில் வயல் சோதனைகள் நடந்தன. பிலிப்பைன்ஸ் அணு ஆராய்ச்சி நிறுவனம், லாஸ் பான்யோஸில் உள்ள பல்கலைக்கழகம் என்று பெரிய பெயர்கள் பின்னால் இருந்தன. பிறகு அது பாட்டிலில் அடைத்த சரக்காகவும் வந்தது.

60 சதவீதம். ஏக்கருக்கு 25 மூட்டை எடுப்பவர் 40 மூட்டை எடுப்பார் என்று அர்த்தம். இந்த எண்ணைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ஆனா "அணு, கதிர்வீச்சுன்னு சொல்லி ஏமாத்துறாங்க" என்று சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது. இதன் பின்னால் இருக்கும் வேதியியல் நல்ல வேதியியல். அளந்து, திரும்பச் செய்து பார்த்து, பல நாட்டு ஆய்வகங்களில் உறுதியானது. பிரச்சினை ஆய்வகத்தில் இருந்து வயலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. அந்த வழியில் எங்கெங்கே கயிறு அறுந்திருக்கிறது என்று காட்டுவதுதான் இந்தப் பதிவு.

வெட்டும் வேலை

முதலில் அடிப்படை. பழுப்புக் கடற்பாசியில் (நம்ம ஊர்க் கட்டக்கோரை மாதிரி) இருப்பது ஆல்ஜினேட். மன்னுரோனிக் அமிலம், குலுரோனிக் அமிலம் என்ற இரண்டு சர்க்கரை அமிலங்களைக் கோத்த நீளமான சங்கிலி. சிவப்புக் கடற்பாசியில் இருப்பது கராஜீனன். அது காலக்டோஸ் சங்கிலி, இடையிடையே சல்பேட் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐஸ்கிரீம் கெட்டியாக இருப்பதிலும் பற்பசை ஒழுகாமல் நிற்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. சங்கிலி நீளம் என்பதால்தான் கரைசல் கொழகொழவென்று இருக்கிறது.

இந்த நீளச் சங்கிலியைக் கோபால்ட்-60 முன்னால் வைத்தால் காமா கதிர் அதை வெட்டுகிறது. கரைசலாக இருந்தால் கதிர் பெரும்பாலும் தண்ணீரைத்தான் தாக்கும். தண்ணீர் உடைந்து ஹைட்ராக்சில் ரேடிகல் பிறக்கும். அது சங்கிலியில் இருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், சர்க்கரைகளுக்கு இடையிலான இணைப்பு அறுந்துபோகும். தூளாக இருந்தால் கதிரே நேராக வெட்ட வேண்டும். அதனால் அங்கே அதிகக் கதிர் தேவை.

எவ்வளவு கதிர்? 100 கிலோகிரே என்பது இந்தக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் அளவு. அதை நம் அனுபவத்துக்குக் கொண்டு வருவோம். உருளைக்கிழங்கு முளைக்காமல் இருக்க 0.15 கிலோகிரேவுக்குள் போதும். ஊசி, சிரிஞ்சு போன்ற மருத்துவப் பொருட்களைக் கிருமி நீக்க வழக்கமான அளவு 25 கிலோகிரே. மனிதன் உடல் முழுக்க 0.005 கிலோகிரே வாங்கினால் பிழைப்பது கஷ்டம். அப்படியென்றால் 100 கிலோகிரே மிகப் பெரிய அளவுதான். ஆனால் வெப்பமாகக் கணக்குப் போட்டால், அதே 100 கிலோகிரே ஒரு லிட்டர் தண்ணீரை 24 டிகிரி மட்டுமே சூடாக்கும். வெந்நீர்கூட ஆகாது. குறைந்த ஆற்றலில், ரசாயனம் எதுவும் சேர்க்காமல், மூடிய கலத்துக்குள்ளேயே வெட்டு நடக்கிறது. இந்த முறையின் அழகு அதில்தான் இருக்கிறது. கோபால்ட்-60 காமாவுக்கு ஒரு பொருளைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும் ஆற்றல் கிடையாது என்பதால் தெளிப்பு மருந்தில் கதிரியக்கம் மிஞ்சுமோ என்ற பயமும் வேண்டாம்.

இதுவரை எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

2000-ல் வந்த ஒரு கட்டுரை

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் கட்டுரை 2000-ல் 'ரேடியேஷன் பிசிக்ஸ் அண்ட் கெமிஸ்ட்ரி' இதழில் வந்தது. வியட்நாமின் நுயென் குவொக் ஹியென், ஜப்பானின் தகாசாகி ஆய்வகத்தில் இருந்த நாகசாவா, குமே முதலானோர் எழுதியது. ஆல்ஜினேட்டைக் கரைசலாகவும் தூளாகவும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, மூலக்கூறு எடை 10,000-க்குக் கீழே வந்த துண்டுகள் நெல், நிலக்கடலை வளர்ச்சியை நன்றாகத் தூண்டின என்று சொன்னார்கள். 4 சதவீதக் கரைசலை 100 கிலோகிரேவில் வைத்தது பலன் தந்தது. நெல்லுக்கு 50 பிபிஎம், நிலக்கடலைக்கு 100 பிபிஎம் ஏற்ற அளவு.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஹெக்டேருக்கு 500 லிட்டர் தெளிப்பு என்று வைத்துக்கொள்வோம். 100 பிபிஎம் என்றால் மொத்தம் 50 கிராம் ஆல்ஜினேட். அதே வயலுக்கு நாம் போடும் தழைச்சத்து 100 கிலோவுக்குப் பக்கத்தில். ஆக, இந்த 50 கிராம் பயிருக்குச் சாப்பாடு கிடையாது. வேலை செய்தால் சமிக்ஞையாகத்தான் வேலை செய்ய முடியும். செல் சுவர் உடையும்போது வரும் சர்க்கரைத் துண்டுகளைத் தாவரம் செய்தியாகப் படிக்கிறது என்பது 1980-களில் இருந்தே தெரிந்த விஷயம்தான். அந்த வகையில் கருதுகோள் நியாயமானதே.

ஆனால் ஒரு பொருளைச் சமிக்ஞை என்று சொன்ன அந்த நிமிடமே பொறுப்பு கூடிவிடுகிறது. உரம் என்றால் "எத்தனை கிலோ" என்று சொன்னால் முடிந்தது. சமிக்ஞை என்றால் எந்த மூலக்கூறு, எந்த நீளம், எந்த முனை என்று சொல்ல வேண்டும். சாவி மாதிரி. சாவியின் எடையைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

சராசரி என்ற திரை

பெரும்பாலான கட்டுரைகள் அந்தச் சாவியின் எடையைத்தான் சொல்கின்றன. "மூலக்கூறு எடை 10,000" என்பார்கள். அது சராசரி. கதிர்வீச்சு கண்ணை மூடிக்கொண்டு வெட்டும் கத்தி. எந்த இணைப்பு அறும் என்பது தற்செயல். அப்படி வெட்டினால் நீளத் துண்டு, நடுத்தரத் துண்டு, பொடித் துண்டு எல்லாம் ஒரே பாத்திரத்தில் கிடக்கும்.

தற்செயல் வெட்டுக்குரிய பரவலை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். எடைச் சராசரி 10,000 என்றால் எண்ணிக்கைச் சராசரி சுமார் 5,000. ஒரு துண்டில் சராசரியாக 25 சர்க்கரைகள். அந்தக் கலவையில் ஐந்து சர்க்கரைக்குள் அடங்கும் குட்டித் துண்டுகளின் பங்கு எடையில் வெறும் 2 சதவீதம். 50 கிராம் தெளித்தால் ஒரே ஒரு கிராம்.

இப்போது கேள்வி. பயிரைத் தூண்டியது அந்த 2 சதவீதமா, மீதி 98-ஆ? பதில் எதுவானாலும் தொழிலுக்கு அது முக்கியம். குட்டித் துண்டுதான் விஷயம் என்றால், எல்லாவற்றையும் அந்த அளவுக்குக் குறைக்கப் பல மடங்கு கதிர் வேண்டும். வெட்டுகளின் எண்ணிக்கை கதிர் அளவோடு சேர்ந்தே ஏறும். 3,00,000 எடையுள்ள சங்கிலியை 10,000 ஆக்க 29 வெட்டு போதும். 1,000 ஆக்க 299 வெட்டு. பத்து மடங்கு கதிர், ஏறக்குறைய பத்து மடங்கு நேரம், அதற்கேற்ற செலவு. மாறாக, நடுத்தரத் துண்டுதான் விஷயம் என்றால் அதிகக் கதிர் கொடுப்பது நல்ல சரக்கைக் கெடுப்பது. கலவையைச் சல்லடை போட்டுப் பிரித்து, தனித்தனியாகத் தெளித்துப் பார்த்தால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடும். அதைச் செய்த கட்டுரைகள் நான் படித்தவற்றில் மிகக் குறைவு.

கத்தியா, துண்டா?

அடுத்தது. பலன் வந்தது கதிர்வீச்சாலா, சங்கிலி சிறிதானதாலா?

1993-லேயே ஜப்பானில் யோனெமோட்டோ குழு ஒரு பாக்டீரியா நொதியால் ஆல்ஜினேட்டை வெட்டி, அந்தத் துண்டுகள் விதை முளைப்பையும் தண்டு நீட்சியையும் தூண்டுவதைக் காட்டியிருந்தார்கள். அடுத்த வருடம் நாட்சுமே குழு ஒரு படி மேலே போனது. நொதியால் வெட்டிய கலவையைப் பிரித்து, பார்லி வேரை வளர்க்கும் துண்டுகளைத் தனியே எடுத்து, அவற்றின் அமைப்பையே கண்டுபிடித்தது. சாவியின் பல்லை வரைந்து காட்டியது மாதிரி. கதிர்வீச்சுக் கட்டுரைகளுக்கு ஆறு ஏழு வருடம் முந்தைய வேலை இது.

ஆகவே நேர்மையான சோதனை என்ன? ஒரே ஆல்ஜினேட்டை மூன்றாகப் பிரித்து, ஒன்றை நொதியால், ஒன்றை அமிலத்தால், ஒன்றைக் கதிர்வீச்சால் ஒரே நீளத்துக்கு வெட்டி, ஒரே வயலில் பக்கம் பக்கமாகத் தெளிப்பது. மூன்றும் ஒரே பலன் தந்தால் துண்டுதான் காரணம். அப்போது கதிர்வீச்சு பல கத்திகளில் ஒன்று. அதன் மதிப்பு விலையிலும் வசதியிலும் மட்டும். பலன் வேறுபட்டால் இன்னும் சுவாரசியம். கதிர்வீச்சு வெட்டுவதோடு நிற்பதில்லை. கரைசல் பழுப்பேறுகிறது, புதிய இரட்டைப் பிணைப்புகள் வருகின்றன, ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. தாவரத்துக்குப் பெராக்சைடும் ஒரு சமிக்ஞைதான். 40,000 பிபிஎம் கரைசலை 50 பிபிஎம் ஆக்குவது என்றால் 800 மடங்கு நீர்க்கச் செய்வது, அதனால் பெராக்சைடு ஒன்றும் மிஞ்சாது என்று வாதிடலாம். வாதிடுவதைவிட, வெறும் தண்ணீரை அதே கதிரில் வைத்து, அதே அளவு நீர்க்கச் செய்து தெளித்துப் பார்ப்பது சுலபம்.

நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது என்ன? ஒரு பக்கம் வெறும் தண்ணீர், இன்னொரு பக்கம் கதிர்பட்ட கரைசல். கொஞ்சம் கவனமானவர்கள் கதிர்படாத ஆல்ஜினேட்டையும் சேர்ப்பார்கள். அதோடு சரி.

ஆறில் ஒன்று

இந்தியாவில் இந்த வேலையை அதிகம் செய்தது அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மசரூர் கான் குழு, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் லலித் வர்ஷ்னேயோடு சேர்ந்து. புதினா வகைகள், வெந்தயம், ஆர்ட்டிமிசியா, அபின் கசகசா என்று மருந்துப் பயிர்களில் தொடர்ச்சியாகச் செய்தார்கள். தழை எடை மட்டும் பார்க்காமல் எண்ணெய், ஆர்ட்டிமிசினின் போன்ற விலையுள்ள சரக்கையும் அளந்தது அவர்களுடைய பலம். அது சும்மா சொல்வதல்ல. மருந்துப் பயிரில் விவசாயிக்குக் காசு அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் வடிவத்தைப் பாருங்கள். தொட்டியில் செடி. 20, 40, 60, 80, 100, 120 என்று ஆறு அடர்த்தி. பலவற்றில் 80 ஜெயிக்கும். பிறகு சுருக்கவுரையில் அந்த 80-ன் எண் மட்டும் வரும். ஒவ்வொரு தொட்டிக் குழுவின் சராசரியிலும் 8 சதவீதத் தடுமாற்றம் இருந்தால், மருந்து துளிகூட வேலை செய்யாத நிலையிலும் ஆறில் சிறந்தது சராசரியாக 10 சதவீதம் உயர்ந்து தெரியும். இது புள்ளியியலின் பழைய பாடம். பல பயிர்களில் மேடு மாதிரியான ஒரே வளைவு திரும்பத் திரும்ப வருவதால் எல்லாமே தற்செயல் என்று நான் சொல்ல மாட்டேன். அறிவிக்கிற எண் உண்மையைவிடப் பெரிதாக இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன். சரிசெய்வது எளிது. ஜெயித்த அடர்த்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த பருவத்தில், புதுச் செடிகளில், முன்கூட்டியே "80-ஐத்தான் பார்க்கப் போகிறோம்" என்று எழுதி வைத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

எந்த வயலோடு ஒப்பிட்டார்கள்?

இப்போது அந்த 60 சதவீதத்துக்குத் திரும்புவோம். பிலிப்பைன்ஸின் சராசரி நெல் மகசூல் ஹெக்டேருக்கு 4 டன் அளவில். 60 சதவீதம் கூடினால் 6.4 டன். நல்ல விதை, நேரத்துக்குத் தண்ணீர், சரியான உரம், பூச்சிக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து கொண்டு வரும் வித்தியாசம் அது. சில கிராம் சமிக்ஞை தனியாக அதைச் செய்தால், லாஸ் பான்யோஸிலேயே இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு இதைத்தான் பார்த்திருக்கும்.

சிக்கல் ஒப்பீட்டில்தான். அங்கே தெளிப்பைத் தனியாகப் பரிந்துரைக்கவில்லை. குறைந்த மூட்டை உரம், அதோடு கராஜீனன் என்று ஒரு தொகுப்பு. எதிரில் நிற்பது விவசாயியின் வழக்கமான முறை, அதாவது அதிக மூட்டை உரம், தெளிப்பு இல்லை. இரண்டு விஷயம் ஒரே சமயத்தில் மாறிவிட்டது. ஜெயித்தது தெளிப்பா, சரியான நேரத்தில் போட்ட உரமா? ஆராய்ச்சியாளர் வாரா வாரம் வந்து பார்க்கும் வயல் வேறு, யாரும் எட்டிப் பார்க்காத வயல் வேறு என்பது எந்த விவசாயிக்கும் தெரியும்.

இதற்குக் குறைந்தது நான்கு பாத்தி வேண்டும். வழக்கமான உரம், வழக்கமான உரத்தோடு தெளிப்பு, குறைந்த உரம், குறைந்த உரத்தோடு தெளிப்பு. மூன்றாவது பாத்திதான் எல்லோரும் விட்டுவிடும் பாத்தி. உரத்தைக் குறைத்தும் மகசூல் குறையவில்லை என்றால் விவசாயி இதுவரை அதிகமாகப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதைச் சொல்ல பாட்டில் தேவையில்லை. அதனாலேயே அந்தப் பாத்தியைப் போட யாருக்கும் ஆர்வம் இல்லையோ என்று தோன்றுகிறது.

நெல் சாயாமல் நின்றது என்ற பேச்சுக்கும் இதே கதிதான். தழைச்சத்து அதிகமானால் நெல் சாயும். உரத்தைக் குறைத்த வயல் காற்றில் நின்றால் பாராட்டு யாருக்குப் போக வேண்டும்?

மண்டபத்தில் நடந்த வேறு வழி

விதைப்பு கராஜீனனுக்கு வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி பிலிப்பைன்ஸ் கடலுக்குச் சொந்தமானது. அதே பாசிதான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்கிறது. இங்கே மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் வேறு வழியில் போனது. புதுப் பாசியைப் பிழிந்து சாற்றைத் தெளிப்பாக்கினார்கள். கராஜீனன் சக்கையிலேயே தங்கி, தனியாக விலைக்குப் போனது. கோபால்ட்டும் வேண்டாம், கதிரும் வேண்டாம்.

சாறு நல்லதா, கதிர்பட்ட துண்டு நல்லதா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சாற்றில் பொட்டாசியத்தில் இருந்து தாவர ஹார்மோன்கள் வரை எல்லாம் கலந்திருக்கிறது. அதிலும் எது வேலை செய்கிறது என்ற குழப்பம் உண்டு. ஆனால் அவர்கள் அந்தக் குழப்பத்தை எதிர்கொண்ட விதம் எனக்குப் பிடித்தது. சாற்றில் இருந்து ஜிப்ரலினை மட்டும் நீக்கிவிட்டு மக்காச்சோளத்தில் தெளித்தார்கள். தட்டை மகசூல் கூடியது, தானிய லாபம் குறையவில்லை. ஒரு பொருளை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது. கதிர்வீச்சுத் துறைக்கு இருபது வருடமாகத் தேவைப்படுவது இந்த மாதிரிச் சோதனைதான்.

இதுல யாருக்கு என்ன நஷ்டம்?

"சரி, பலன் 60 இல்ல, 10-ன்னே வச்சுக்கோ. கெடுதல் இல்லையே?" என்று கேட்கலாம். 10 சதவீதம் உண்மையானால் அது பெரிய விஷயம். அதைக் கொண்டாட நான் தயார். தெளிப்பின் விலை, தெளிக்கும் ஆள் கூலி எல்லாம் போக கையில் என்ன நிற்கும் என்று கணக்குப் போடலாம். ஆனால் 60-ஐ நம்பி வாங்கியவர் 10-ஐப் பார்த்தால் ஏமாந்ததாகத்தான் நினைப்பார். அடுத்த முறை நல்ல பொருள் வந்தாலும் வாங்க மாட்டார். மறுபக்கம், நல்ல விலை வரும் என்று கடலில் மிதவை கட்டியவர்களும் இந்த எண்ணை நம்பித்தான் இறங்குகிறார்கள்.

இந்தியாவில் 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் உயிர் ஊக்கிகளைக் கொண்டு வந்தார்கள். கடற்பாசிச் சாறும் அதில் ஒரு வகை. அதற்கு முன்பு யாரும் எதையும் பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்று இருந்த நிலையோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். பல வேளாண் சூழல்களில் பலன் சோதனை கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். என் பங்குக்கு இரண்டு சேர்ப்பேன். ஒன்று, மேலே சொன்ன மூன்றாவது பாத்தி. இரண்டு, லேபிளில் சராசரி எடைக்குப் பதிலாகத் துண்டுகளின் நீளப் பரவல்.

உங்கள் ஊர்க் கடையில் "கதிர்வீச்சு முறையில் தயாரித்த கடற்பாசி ஊக்கி" என்று யாராவது நீட்டினால் பயப்படவும் வேண்டாம், உடனே வாங்கவும் வேண்டாம். "உரத்தைக் குறைச்சு, இதைத் தெளிக்காம விட்ட பாத்தியில என்ன விளைஞ்சுது?" என்று கேளுங்கள். பதில் எண்ணாக வந்தால் உட்கார்ந்து பேசலாம்.